ஓட்டோபைலட் கழன்றால்: மலைக்கு மேலே முதல் பத்து வினாடியும் அதற்குப் பிறகும்

இலங்கை மலையகத்தில் நோட்டன்பிரிட்ஜ் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஏழு கன்னியர் மலையைத் தெரியும். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்க வந்த டி.சி.-8 ஜெட் அந்த மலையில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. எஞ்சின் நின்றதாலோ இறக்கை முறிந்ததாலோ வந்த விபத்தல்ல அது. விமானம் எங்கே இருக்கிறது என்பதையே விமானிகள் தவறாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். தரைவேகத்தை அளந்து இடத்தைக் கணிக்கும் டொப்ளர் வழிகாட்டியையும் வானிலை ரேடாரையும் நம்பியதில் வந்த பிழை என்றது விசாரணை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டிகிரி சரிவில் வரும் ஜெட், ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி இறங்கும். மோதிய இடம் 4,300 அடிக்குச் சற்று மேல். அந்த உயரத்தில் இருந்தால் ஓடுபாதைக்கு 14 மைல்தான் மிச்சம் இருக்க வேண்டும். மலையோ கட்டுநாயக்கவிலிருந்து ஏறத்தாழ 41 கடல் மைல். இந்த 27 மைல் வித்தியாசத்தை எந்தச் சிவப்பு விளக்கும் காட்டித்தராது.

மலையகத்திலிருந்து விமானிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும், வீட்டில் சிமுலேட்டர் ஓட்டிப் படிப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். பெரும்பாலானோர் படிப்பது ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்பதால் எண்கள் அந்த இரண்டுக்குமானவை. நீங்கள் சேரும் நிறுவனத்தின் கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேடே சட்டம்.

யார் யாருடைய வேலை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. பறப்பு முகாமைக் கணினி, அதாவது எஃப்.எம்.எஸ்., ஒஃபிசில் இருக்கும் துரை. எந்த மலையில் எவ்வளவு கொழுந்து என்று முடிவெடுப்பது அது. ஃபிளைட் டிரெக்டர் கங்காணி. "இந்தப் பக்கம்" என்று கை காட்டும், தானாக எதையும் செய்யாது. ஓட்டோபைலட்தான் வேலை செய்யும் ஆள். எஞ்சினின் உந்துவிசைக்கு ஓட்டோத்ரொட்டில் தனி ஆள்; ஏர்பஸ்காரர்கள் அதை ஓட்டோத்ரஸ்ட் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆள் வேலையை விட்டுவிட்டால் உடனே தெரியும். ஒஃபிசில் தப்பான நம்பர் எழுதப்பட்டால் தெரியாது. கங்காணி அதே உறுதியோடு தப்பான மலையைக் காட்டிக்கொண்டிருப்பார், ஆளும் சொன்னபடி செய்துகொண்டிருப்பார். சத்தம் போட்டுக் கெடுவது முதல் வகை. கூடுதலாக ஆளைக் கொல்வது சத்தம் போடாத இரண்டாவது வகை.

சத்தம் கேட்டதும்

ஏ320இல் ஓட்டோபைலட் தானாகக் கழன்றால் குதிரைப்படைக் கொம்பு மாதிரி ஓர் ஒலி திரும்பத் திரும்ப அடிக்கும். போயிங்கில் சைரன். அந்த ஒலிக்கு உடம்பு செய்யச் சொல்வது ஒன்று: கட்டுப்பாட்டுக் கட்டையை இறுகப் பிடித்து இழுப்பது. அதைத்தான் செய்யக் கூடாது.

பறப்பவர் "ஐ ஹேவ் கொன்ட்ரோல்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மூக்கும் இறக்கையும் எப்படி இருக்கின்றன என்று காட்டும் நிலைகாட்டியில் கண்ணை வைக்கவேண்டும். மூக்கு எங்கே? இறக்கை மட்டமா? அதற்குப் பிறகுதான் சிவப்புப் பட்டனை அழுத்தி ஒலியை நிறுத்துவது. நடுப்பறப்பில் ஏ320இன் மூக்கு ஏறத்தாழ இரண்டரை டிகிரி மேலே இருக்கும். சத்தத்துக்கு முன்னால் என்ன மூக்கு, என்ன உந்துவிசை இருந்ததோ அதையே வைத்திருந்தால் விமானம் முன்போலவே பறக்கும். ஓட்டோபைலட் போனது விமானத்துக்குத் தெரியாது.

எவ்வளவு திருத்துவது என்பதற்கு ஒரு கணக்கு. மேலே 450 நொட் (மணிக்கு 450 கடல் மைல்) உண்மை வேகத்தில், மூக்கில் ஒரு டிகிரி மாறினால் நிமிடத்துக்கு 750 அடி ஏறும் அல்லது இறங்கும். 100 அடி நகர்ந்துவிட்டதா? அரை டிகிரி போதும். இறங்கி 250 நொட்டுக்கு வந்தபின் அதே ஒரு டிகிரிக்கு 400 அடி சொச்சம்தான். சின்ன விமானத்தில் பழகிய கை மேலே போனதும் கூடுதலாக இழுப்பது இதனால்தான். உயரே காற்று மெலிது. ஆட்டத்தைத் தணிக்கும் எதிர்ப்பும் குறைவு.

2009 ஜூன் 1இல் அட்லாண்டிக்குக்கு மேல் ஏர் பிரான்ஸ் 447க்கு நடந்தது இதுதான். வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாய்களில் பனிப்பளிங்கு அடைத்து வேகக் கணிப்பு குழம்பியது, ஓட்டோபைலட் கழன்றது. குழாய் அடைபட்டிருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் 35,000 அடியில் இருந்த விமானத்தின் மூக்கை இழுத்துத் தூக்கி, கிட்டத்தட்ட 38,000 வரை ஏற்றி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டோலில் விட்டார்கள். சத்தம் கேட்டதிலிருந்து கடலில் விழும்வரை 4 நிமிடம் 23 வினாடி. 228 பேர்.

"ஸ்டோல், ஸ்டோல்" என்று குரல் வந்தால் முதலில் மூக்கைக் கீழே விடுங்கள். இறக்கையை மட்டமாக்கி, பிறகு உந்துவிசையை மெதுவாகக் கூட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்கும் ஜெட்டில் உந்துவிசையை முதலில் தள்ளினால் மூக்கு இன்னும் மேலே போகும்.

ஏர்பஸ் ஓட்டோத்ரஸ்டில் ஒரு பொறி இருக்கிறது. உந்துவிசை லீவர் அதன் வழக்கமான இடமான சி.எல். (கிளைம்ப்) பள்ளத்தில் இருக்கும்போது அது தானாகக் கழன்றால், உந்துவிசை அந்த நேரத்தில் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். திரையில் 'த்ரஸ்ட் லொக்' என்று மினுங்கும். இறக்கத்தில் எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த உந்துவிசையில், இருக்கும்போது உறைந்து, பிறகு விமானம் மட்டமானால் வேகம் கரைந்துகொண்டே போகும். பள்ளத்திலிருந்து லீவரை வெளியே எடுத்தால்தான் உறைவு நீங்கும். நீங்களாகக் கழற்றும்போது, இப்போதைய உந்துவிசைக்கு லீவரைப் பொருத்திவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்; இல்லாவிட்டால் எஞ்சின் திடீரென்று லீவர் இருக்கும் இடத்துக்குத் தாவும். பட்டனை 15 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தப் பறப்பு முடியும்வரை ஓட்டோத்ரஸ்ட் திரும்ப வராது.

எல்லாம் அடங்கியபிறகு இரண்டாவது ஓட்டோபைலட்டைப் போட்டுப் பார்க்கலாம். அதற்குமுன் மூன்றைப் பாருங்கள்: மூன்று வேகக் காட்டிகளும் ஒன்றையே சொல்கின்றனவா, மூக்கைச் சமநிலையில் பிடிக்கும் டிரிம் சரியா, ஃபிளைட் டிரெக்டர் காட்டுவது நியாயமா. பார்க்காமல் போட்டால், முதலாவதைக் கழற்றிய அதே பொய்யை இரண்டாவதும் சுமக்கும்.

வேகக் காட்டி பொய் சொல்லும்போது

அறிகுறிகள் விசித்திரமாக இருக்கும். பிட்டோ குழாய் முழுக்க அடைபட்டால் வேகக் காட்டி ஒரு உயரக் காட்டி மாதிரி நடந்துகொள்ளும். ஏற ஏற வேகம் கூடுவதாகக் காட்டும், இறங்கினால் குறைவதாகக் காட்டும். மிகைவேக எச்சரிக்கையும் ஸ்டோல் எச்சரிக்கையும் ஒன்றாகவே அடிக்கலாம்.

பாதுகாப்பு கேள்விக்குறியாக இருந்தால் ஏ320இல் மனப்பாடமாகச் செய்ய வேண்டியது: ஓட்டோபைலட், ஃபிளைட் டிரெக்டர், ஓட்டோத்ரஸ்ட் மூன்றையும் நிறுத்துவது. பிறகு மூக்கும் உந்துவிசையும். புறப்பட்டு உந்துவிசை குறைக்கும் உயரத்துக்குக் கீழே என்றால் 15 டிகிரி மூக்கு, டோகா (முழு உந்துவிசை). அதற்கு மேல் 10,000 அடிவரை 10 டிகிரி, கிளைம்ப் (ஏற்றத்துக்கான உந்துவிசை). 10,000 அடிக்கு மேல் 5 டிகிரி, கிளைம்ப். இறக்கையின் பின்விளிம்பில் விரியும் ஃபிளாப் இருந்தபடியே இருக்கட்டும். முழுவதும் விரித்திருந்தால் மட்டும் 3க்கு எடுங்கள். வேகத்தடை உள்ளே, சக்கரம் மேலே. 737இல் ஃபிளாப் விரித்திருந்தால் 10 டிகிரி, 80 சதவீத என்1 (எஞ்சின் விசிறியின் சுழல்வேகம்); மடித்திருந்தால் 4 டிகிரி, 75 சதவீதம்.

இந்த எண்கள் உயிரைக் காக்கும் முதல் நிமிடத்துக்கு மட்டும். மேலே 5 டிகிரியிலேயே விட்டுவைத்தால் விமானம் ஏறிக்கொண்டே போய் வேகத்தை இழக்கும். ஆபத்து தாண்டியதும் மட்டமாக்கி, எடைக்கும் உயரத்துக்கும் உரிய மூக்கு, என்1 எண்களைக் கையேட்டு அட்டவணையில் பார்த்து வையுங்கள். ஃபிளைட் டிரெக்டரை ஏன் நிறுத்துவது? பொய் வேகத்தை நம்பி அதுவும் பொய்யான பக்கம் கை காட்டும். கண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் கை அதன் பின்னால்தான் போகும்.

உதவிக்கு என்ன உண்டு? ஜி.பி.எஸ். தரைவேகம், காற்றைக் கணக்கில் எடுத்தால். 2,500 அடிக்குக் கீழே ரேடியோ உயரமானி. எது உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: கட்டுப்பாட்டாளரிடம் "என் உயரம் என்ன?" என்று கேட்பது. அவர் திரையில் இருப்பது உங்கள் விமானத்தின் டிரான்ஸ்பொண்டர் கருவி அனுப்பிய எண். உங்கள் உயரக் காட்டி பொய் சொன்னால் அவரும் அதே பொய்யைத்தான் திருப்பிச் சொல்வார். 1996 ஒக்டோபரில் பெருவில் விழுந்த 757இல், கழுவும்போது உயரக் காட்டிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுக்கும் நிலையழுத்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தை நம்பியே அந்த விமானிகள் கடலைத் தொட்டார்கள்.

அதே ஆண்டு பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் 189 பேரோடு விழுந்த இன்னொரு 757இல், மண்கூடு கட்டும் குளவி ஒன்று பிட்டோ குழாயை அடைத்திருக்கலாம் என்பது விசாரணையின் ஊகம். நிறுத்தியிருந்த நாட்களில் குழாய்க்கு உறை போடவில்லை. குளவி என்றால் என்னவென்று மலையகத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிப் பார்க்கும்போது குழாயை எட்டி நின்று பார்க்காதீர்கள். கிட்டப் போய் வாயைப் பாருங்கள்.

கட்டுப்பாட்டு விதி இறங்கினால்

ஏர்பஸ்காரர்களுக்கு மட்டும். விதி என்பது கட்டையின் அசைவைக் கணினி விமானத்துக்குக் கொடுக்கும் முறை; கோளாறு வந்தால் காவல் குறைந்த விதிக்கு இறங்கும். பிரதான திரையில் இறக்கைச் சரிவின் எல்லையைக் காட்டும் பச்சை இரட்டைக்கோடுகள் இருக்கும். அவை மஞ்சள் பெருக்கல் குறிகளாக மாறிவிட்டால் நீங்கள் மாற்று விதியில் இருக்கிறீர்கள், ஸ்டோல் காவல் இல்லை. சக்கரத்தை இறக்கியதும் ஏ320, கட்டையின் அசைவு அப்படியே போகும் நேரடி விதிக்குப் போகும். 'யூஸ் மேன் பிட்ச் டிரிம்' (டிரிமைக் கையால் செய்) என்று வரும். டிரிம் சக்கரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கையால் சுற்றுவது என்று ஆகிவிடக் கூடாது. இறங்கும் கடைசி நேரத்தில் மூக்கு வழக்கத்தைவிட லேசாக எழும். கையை அடக்கி வையுங்கள்.

சத்தம் போடாதவை

1992 ஜனவரி 20, பிரான்சின் ஸ்திராஸ்பூர்க். ஏ320 ஒன்று 3.3 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். விமானி எண் கொடுக்கும் பெட்டியில் தெரிந்த எண் 33. ஆனால் முறை, கோண முறையல்ல, இறங்குவேக முறை. அதனால் விமானம் எடுத்துக்கொண்டது நிமிடத்துக்கு 3,300 அடி. வேண்டியதோ 800 அடியளவு. மலை குறுக்கே நின்றது. 96 பேரில் 87 பேர் போனார்கள். ஓட்டோபைலட் பழுதாகவில்லை. கேட்டதை அச்சொட்டாகச் செய்தது. பிறகு ஏர்பஸ் அந்தப் பெட்டியில் இறங்குவேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றியது.

இதற்கு மருந்து ஒன்றுதான், சலிப்பூட்டுவதும் அதுதான். குமிழைத் திருப்பிவிட்டுக் குமிழைப் பார்க்காதீர்கள். எந்த முறை ஓடுகிறது என்று காட்டும் திரையின் மேல் வரியை, எஃப்.எம்.ஏ.யை, பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டு வாசியுங்கள்: "வி.எஸ். மைனஸ் எண்ணூறு, ஹெடிங், ஸ்பீட்." (வி.எஸ். என்பது இறங்குவேக முறை.) குமிழ் நீங்கள் கேட்டது. எஃப்.எம்.ஏ. விமானம் புரிந்துகொண்டது.

"இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்ற வார்த்தை வாயில் வந்தால் காரணம் தேட வேண்டாம், ஒரு படி இறங்குங்கள். கணினி நடத்தும் பாதையில் குழப்பமா, திசையையும் உயரத்தையும் குமிழால் கொடுங்கள். அதிலும் குழப்பமா, ஓட்டோபைலட்டையும் டிரெக்டரையும் நிறுத்திவிட்டுக் கையால் பறவுங்கள். 10,000 அடிக்குக் கீழே, பறப்பவர் கணினியில் தட்டச்சு செய்வதையே நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு தலையும் கீழே குனிந்திருக்கும் கொக்பிட் ஆளில்லாத கொக்பிட்.

மலைக்கு மேல் வரைபடம் நகர்ந்தால்

கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும்போது கீழே இருப்பது நம் ஊர். பீதுருதாலகாலை 8,281 அடி, விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 54 கடல் மைல். சிவனொளிபாதமலை 7,359 அடி, 43 மைல். ஓடுபாதையோ கடல்மட்டத்தை ஒட்டி. சரியான மூன்று டிகிரிப் பாதையில் 54 மைலில் 16,000 அடிக்கு மேல் இருப்பீர்கள். அப்போது நுவரெலியா பிரச்சினையே இல்லை. நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லாதபோதுதான் பிரச்சினை.

இறக்கம் தொடங்குமுன் திசையையும் தூரத்தையும் தரும் ரேடியோ நிலையமான கட்டுநாயக்க வி.ஓ.ஆர்./டி.எம்.ஈ.யைக் கையால் போட்டு, மோர்ஸ் அடையாளத்தைக் கேளுங்கள். டி.எம்.ஈ. தூரத்தையும் கணினி அதே நிலையத்துக்குச் சொல்லும் தூரத்தையும் ஒப்பிடுங்கள். 60, 50, 40 மைல்களில் மறுபடியும். டி.எம்.ஈ. சாய்தூரம் காட்டும், நிலையத்துக்கு நேர்மேலே 12,000 அடியில் இருந்தாலும் 2 மைல் என்று நிற்கும். தூரத்தில் அந்த வித்தியாசம் பொருட்டல்ல. ஆகவே 50 மைலில் இரண்டும் ஒரு மைலுக்கு மேல் வேறுபட்டால் திரை வரைபடத்தை நம்புவதை நிறுத்துங்கள். திரையை வட்டத் திசைகாட்டியான ரோஸ் முறைக்கு மாற்றி ஊசியைப் பார்த்துப் பறவுங்கள். இறக்கத்தை நிறுத்துங்கள், ரேடார் வழிகாட்டல் கேளுங்கள்.

பொய் சமிக்ஞையால் ஜி.பி.எஸ். ஏமாற்றப்பட்டால் கடிகாரம் தாவும், காற்று திடீரென்று நம்பமுடியாத திசைக்கு மாறும். நிலஎச்சரிக்கைக் கருவியின் முன்நோக்கு எச்சரிக்கையும் அதே ஜி.பி.எஸ்.ஸை வைத்துத்தான் பேசுகிறது. ஆகவே அது மௌனமாக இருப்பது நிம்மதிக்குக் காரணமல்ல. அது "புல் அப்" என்று கத்தினாலோ, இரவிலும் மேகத்திலும் விவாதத்துக்கு இடமில்லை. ஏ320இல் ஓட்டோபைலட் கழற்றி, கட்டையை முழுக்கப் பின்னால் இழுத்து, டோகா, வேகத்தடை உள்ளே, இறக்கை மட்டம். 737இல் ஓட்டோபைலட், ஓட்டோத்ரொட்டில் இரண்டையும் கழற்றி, முழு உந்துவிசை, இறக்கை மட்டம், 20 டிகிரி மூக்கு.

எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை வரைபடத்தில் அச்சிட்ட கட்டத்து எண் சொல்லும். பீதுருதாலகாலைக்கு 2,000 அடி கூட்டினாலே 10,300; உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் நிற்கிறது. கட்டுப்பாட்டாளர் தாழ்ந்த உயரத்துக்கு அனுமதி தந்தாலும், இருக்கும் இடம் இரண்டு வழியில் உறுதியாகாதவரை அந்த எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கோளாறோடு பட்டியல் வாசிக்க நேரம் வேண்டுமென்றால், மலைக்கு மேல் வட்டமிட்டு வாசிக்காதீர்கள். உயரத்தை விடாமல் தாண்டி, கட்டுநாயக்கவுக்கு மேற்கே கடல்மேல் காத்திருப்பு கேளுங்கள். அங்கே முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் மலைச்சரிவில் இடிமேகம் எழும் நேரத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ரீசெட், ரேடியோ, இறக்கம்

ஒருவர் பறப்பார், மற்றவர் வாசிப்பார். கணினியைத் திரும்பத் தொடக்குவது கையேட்டு ரீசெட் அட்டவணையில் இருந்தால் மட்டும், அதில் சொன்ன வரிசையில் மட்டும். 2014 டிசம்பர் 28இல் சுரபாயாவிலிருந்து புறப்பட்ட ஏர்ஏசியா 8501இல் சுக்கான் எல்லைக் கருவியின் மின்னிணைப்புச் சொல்டர் வெடிப்பால் ஒரே எச்சரிக்கை நான்கு தடவை வந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு பறப்புக் கணினிகளின் மின் பிரேக்கர்கள் இழுக்கப்பட்டதாக விசாரணை முடிவுசெய்தது. ஓட்டோபைலட் போனது, விதி மாறியது, விமானம் சரிந்தது. 162 பேர். தரையில் பொறியியலாளர் செய்யும் வேலையைப் பார்த்து ஆகாயத்தில் செய்யக் கூடாது.

29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையில் தானாக உயரம் பிடிக்கும் வசதி போனால், விமானங்களுக்கிடையே 1,000 அடி என்ற (ஆர்.வி.எஸ்.எம்.) இடைவெளிக்கு உங்களுக்குத் தகுதி இல்லை. "அனேபிள் ஆர்.வி.எஸ்.எம். டியூ எக்விப்மென்ட்" என்று சொல்லுங்கள், 2,000 அடி தருவார்கள் அல்லது கீழே அனுப்புவார்கள். வேகமோ இடமோ சந்தேகம் என்றால் அவசர அழைப்பான "பேன் பேன்" மூன்று தடவை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஓடுபாதைக்கு ரேடியோ வழிகாட்டும் ஐ.எல்.எஸ். பாதையில் கையால் இறங்கும்போது, தரைவேகத்தில் பாதியைப் பத்தால் பெருக்கினால் இறங்குவேகம்: 140 நொட்டுக்கு 700 அடி. 1,000 அடியில் வேகம், பாதை, ஃபிளாப் எல்லாம் ஒழுங்காக இல்லையென்றால் திரும்ப ஏறுங்கள். தானியங்கி இறக்கத்துக்கு மட்டும் அனுமதித்த தாழ்வான மேக எல்லை அன்றைக்கு உங்களுக்கில்லை.

வீட்டுச் சிமுலேட்டரில் பழகுபவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஃபிளைட் டிரெக்டரை மறைத்துப் பறவுங்கள். வேகக் காட்டி மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, மூக்கையும் என்1ஐயும் வைத்தே 10,000 அடியிலிருந்து இறங்குங்கள். (கரண்ட் போய் நடுவழியில் எல்லாம் அணைந்துபோவது ஹட்டன்காரருக்குக் கிடைக்கும் இலவசப் பயிற்சி.)

இறங்கியபின் பதிவேட்டில் எழுதுவதும் வேலையின் ஒரு பகுதி. "ஓட்டோபைலட் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பொறியியலாளர் தரையில் போட்டுப் பார்ப்பார், வேலை செய்யும், அடுத்தவர் அதே கோளாறோடு பறப்பார். இப்படி எழுதுங்கள்: "35,000 அடி, மட்டப் பறப்பு, மேகத்துக்குள். ஓட்டோபைலட் 1 தானாகக் கழன்றது. அந்த நேரம் இடப்பக்க வேகம் வலப்பக்கத்தைவிட 22 நொட் குறைவு, உதிரிக்காட்டி வலப்பக்கத்தோடு ஒத்தது. 40 வினாடியில் மூன்றும் ஒன்றாயின. ஓட்டோபைலட் 2 போட்டோம், இறங்கும்வரை நின்றது. ரீசெட் எதுவும் செய்யவில்லை." இதை வாசிப்பவர் நேரே இடப்பக்கப் பிட்டோவின் சூடாக்கியைச் சோதிக்கப் போவார்.